காரின் கூரையிற் பிடிக்கும் கறள்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலேயக் கார்கள் இன்றும் ஓடக் காண்கின்றோம். மணமக்களைக் கோயிலுக்கும் நோயாளரை வைத்தியசாலைக்கும் சுமந்த வண்டிகள் இவை. 1990களில் குடாநாட்டிற்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயினால் ஓடியவையும் இவையே. இத்தகைய காரொன்றைப் பேணிவரும் குடும்பத்தார் இயந்திரத்தின் ஓசையைக் கூர்ந்து கேட்பர். ரயரைத் தட்டிப் பார்ப்பர். கூரையை மட்டும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கறளோ பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றது.

கறள் என்பது யாது? இரும்பு, நீரும் ஒட்சிசனும் சேரும்போது அடையும் மாற்றமே அது. உப்புச் சேர்ந்தால் அம்மாற்றம் விரைவுபடும். கடற்காற்று வீசும் நம் நாட்டில் இதனைச் சொல்லியறிய வேண்டுவதில்லை. கறளானது தான் தோன்றிய இரும்பிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுள்ள பெயின்ற்றைக் கொப்புளம்போல் உயர்த்துகின்றது. கொப்புளம் கண்ணிற்படும்போது உள்ளே தகரம் பெரிதும் அரிபட்டிருத்தல் கூடும்.

கூரையின் ஓரத்தில் மழைநீர் வழிந்தோட அமைத்த சிறு பீலியும், முன்கண்ணாடியின் மேல்மூலைகளுமே முதலிற் பழுதடைவன. பீலியிலே சருகும் புழுதியும் தங்கினால் ஈரம் நாட்கணக்கில் நிற்கும். பின்னர் நீர் மூட்டுக்களினூடே கசிந்து, தூண்களின் உட்புறமாக இறங்கி, அடித்தளத்தை அரிக்கும். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் போன்ற கார்களுக்குத் தனியான முழுச் சட்டம் இல்லை. உடலே சட்டமாக நின்று பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே கூரையின் கசிவு காலப்போக்கில் வண்டியின் வலிமையையே குலைத்துவிடும். பயணஞ் செய்வோர் நம் பிள்ளைகளல்லவா?

திருத்துமுன் நோயின் அளவை அறிதல் வேண்டும். உட்கூரைத் துணியை அகற்றிக் கூர்முனையொன்றினால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். முனை உறுதியான தகரத்தில் தடைப்பட்டால், அரத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, குழிகளில் எஞ்சிய கறளுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த மருந்தைப் பூசி, கழுவி உலர்த்தியபின் பிறைமர் அடித்தலே போதும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருத்தல் கூடுமாதலால் நீர் தொட்டுத் தேய்ப்பதும், தகுந்த முகக்கவசம் அணிவதும், சிறுவரை அணுகவிடாதிருப்பதும் அவசியம்.

முனை உள்ளே இறங்கினால் வெட்டியே தீர வேண்டும். கறளைக் கடந்து நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அதே தடிப்புள்ள துண்டை மூலைகள் வளைவாக வருமாறு நறுக்கிப் பொருத்துதல் முறை. கூரை அகன்ற மெல்லிய தகரம். ஒரே இடத்தில் வெப்பம் மிகுந்தால் நெளிந்துவிடும். ஆதலால் அனுபவமுள்ள தொழிலாளர் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வெல்டிங் செய்து, ஒவ்வொன்றும் ஆறியபின்னரே அடுத்ததைத் தொடுவர். உட்கூரைத் துணியையும் ஆசனங்களையும் முன்னரே அகற்றி, பற்றறியின் இணைப்பைக் கழற்றி, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்திருப்பர்.

இவ்விடத்தில் ஒரு தீய வழக்கத்தைக் கூறாதிருக்க இயலாது. ஓட்டையைப் பட்டியினால் அடைத்து, மேலே பளபளப்பாகப் பெயின்ற் அடித்து விற்போர் உளர். பட்டி ஈரத்தை உறிஞ்சும்; அடியிலுள்ள கறள் முன்னிலும் செழித்து வளரும். திருத்திய தகரத்தின் சிறு மேடுபள்ளங்களைச் சமப்படுத்தவே பட்டி உதவும். எனவே பழைய கார் வாங்குவோர் கூரையின் ஓரமெங்கும் சிறு காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றி வைத்துப் பார்த்தல் நன்று. காந்தம் பற்றாத இடத்தில் தடித்த பட்டி இருக்கலாமென ஐயுறலாம்.

வேலை முடிந்ததும் மூட்டுக்களை நீர்புகாப் பசையால் அடைத்து, உட்புறத்திற்கும் பிறைமர் பூச மறத்தல் ஆகாது. அதன்பின் வேண்டுவது பணமன்று, கவனமே. வாரத்திற்கொருமுறை பீலியிலுள்ள சருகை அகற்றி, நன்னீரால் கழுவித் துடைத்தல் சிறுவரும் செய்யத்தக்க வேலை. மாமரத்தின் கீழ் வண்டியை நிறுத்தும் வீட்டார் இதனை இன்றே தொடங்குவாராக.