ஸோஹோ நிறுவனமும் பாலாற்றுப் பகுதி உழவர் குடும்பமும்



விரிஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நடைபெறும் பயிற்சிகளில் நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றியும், உப்பு நீரைத் தாங்கும் பயிர்கள் பற்றியும் நீங்கள் கேட்பதுண்டு. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் வரும் கேள்வி வேறாக இருக்கிறது. “பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான் சார். காலேஜ் படிக்காமலேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்த்துக்கொள்கிறார்களாமே, உண்மைதானா?” என்கிறார்கள். இது வேளாண்மைக் கேள்வி இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதா, வேண்டாமா என்பது அதற்கான விடையைப் பொறுத்திருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அதைக் கழுவும்போது உப்பு நீரில் இறங்குகிறது. பதனிடும் கட்டத்தில் குரோமிய உப்பும் சேர்கிறது. இந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டதால் கிணறுகள் கெட்டன. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு முழுமையாகப் போய்ச் சேராத நிலையில் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. நிலத்தைக் கெடுத்த அதே தொழில்தான் காலணித் தொழிற்சாலைகள் வழியாக நம் வீட்டுப் பெண்களுக்கு மாதச் சம்பளமும் தருகிறது. அந்த வருமானத்துக்கும் உறுதியில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது ஏற்றுமதியை நம்பிய ஆம்பூர் கலங்கிப்போனது. நிலத்தையும் தோலையும் விட்டால் மூன்றாவதாக ஒரு வருமான வழி உண்டா என்று பெற்றோர் தேடுவதில் வியப்பில்லை.

நிறுவனம் என்ன செய்கிறது?

ஸோஹோ நிறுவனம் 1996இல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு இதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 2009 முதல் ஸோஹோ கார்ப்பரேஷன் என்ற பெயரில் இயங்குகிறது. தலைமை அலுவலகம் சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிப் பக்கம் உள்ளது. 2011இல் தென்காசியில் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கி, பின்னர் மத்தளம்பாறை கிராமத்தில் வளாகம் அமைத்தார்கள். நகரத்துக்கு வெளியிலும் இத்தொழிலை நடத்த முடியும் என்பதற்கு மத்தளம்பாறை நல்ல சான்று. 2025 ஜனவரியில் வேம்பு தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகி, தலைமை அறிவியலாளர் பொறுப்பை ஏற்றார்.

கணிப்பொறி எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள். அதை எழுதி வாடகைக்கு விடுவது இந்நிறுவனத்தின் தொழில். கதிரடிக்கும் இயந்திரத்தை வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம் அல்லவா, அதுபோல ஒரு கடைக்காரர் தம் கணக்கு எழுதும் மென்பொருளை மாத வாடகைக்கு எடுக்கிறார். அவர் எழுதும் கணக்கு அவருடைய கணிப்பொறியில் மட்டும் இருப்பதில்லை. நிறுவனத்தின் கணிப்பொறிகளில் சேமிக்கப்படுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் மூட்டைகளை இருப்பு வைத்து ரசீது பெறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே கடவுச்சொல்தான் ரசீது.

மின்னஞ்சலுக்கு ஸோஹோ மெயில், வணிகக் கணக்குக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஸோஹோ புக்ஸ், விலைப்பட்டியல் போட ஸோஹோ இன்வாய்ஸ், கட்டம் போட்டுக் கணக்கெழுத ஸோஹோ ஷீட், செய்தி அனுப்ப 2021இல் வந்த ‘அரட்டை’ என்று இவர்களுடைய மென்பொருள்கள் பல. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள் ஸோஹோவின் அமைப்புக்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது.

பள்ளி முடித்தவர்களுக்கான வழி

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ‘ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்’ என்ற பயிற்சிப் பள்ளியை இந்நிறுவனம் சுமார் 20 ஆண்டுகளாக நடத்தி வருகிறது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் எழுத்துத் தேர்வு, நேர்காணல் மூலம் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பயிற்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். கணிதம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றை வகுப்பில் கற்ற பின், நிறுவனத்தின் பிரிவுகளிலேயே வேலை பழகுகிறார்கள். தொழில்நுட்பம் தவிர வடிவமைப்பு, வணிகம் ஆகிய பிரிவுகளும் உண்டு. கட்டணம் கிடையாது, மாறாக, மாதம் 10,000 ரூபாய் அளவில் உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறார்கள். பயிற்சியைச் சரிவர முடிப்பவர்களை நிறுவனத்திலேயே பணியில் அமர்த்திக்கொள்கிறார்கள். பட்டம் அவசியமில்லை என்று சொல்லும் இந்நிறுவனத்தை நிறுவியவரோ சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். படித்து முடித்த பிறகுதான் பட்டத்தின் அளவு தெரிகிறது போலும்.

இனி, நாம் எடைபோட வேண்டியவை.

முதலாவது, இடங்கள் குறைவு. விண்ணப்பிப்போர் மிக அதிகம். இதை மட்டும் நம்பி வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது, மழையை நம்பி நாற்றங்கால் விடுவது போலாகும். இரண்டாவது, இங்கே பல்கலைக்கழகப் பட்டம் தரப்படுவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். வங்கி அதிகாரி தேர்வுக்கும் அப்படியே. பிள்ளையின் மனம் அரசு வேலையில் இருந்தால், பயிற்சியோடு தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டமும் படிக்க நேரம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தங்குமிடச் செலவு யாருடையது, பயிற்சியில் பின்தங்கினால் என்ன ஆகும் என்பவற்றையும் நேர்காணல் நாளிலேயே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

கல்லூரி என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று எண்ண வேண்டியதும் இல்லை. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2021இல் வந்தது. வேலூர் பாகாயத்திலேயே தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளை எச்.சி.எல். நிறுவனத்தின் ‘டெக்பீ’ பயிற்சியில் சேர்க்கத் தாட்கோ உதவி செய்துள்ளது. உங்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள். என் கருத்தைக் கேட்டால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண் உள்ள பிள்ளை இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். கணக்கில் ஆர்வமுண்டு, ஆனால் மதிப்பெண் குறைவு, கையில் பணமும் இல்லை என்ற நிலையில் உள்ள பிள்ளைக்குத்தான் ஸோஹோ பள்ளி உண்மையில் பெரிய வாய்ப்பு. அப்படிப்பட்ட பிள்ளைக்காக நிலத்தை அடமானம் வைத்து, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள ஒரு தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லி “முன்பணம் கட்டுங்கள், வேலை உத்தரவு வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால், அவர் உறவினராகவே இருந்தாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பயிற்சிக்கே பணம் வாங்காத நிறுவனம் வேலைக்கு வாங்குமா? விண்ணப்பத்தை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டுமே பதிய வேண்டும். கைபேசியில் வரும் செய்தியை நம்பி ஆதார் நகலையும் வங்கி விவரத்தையும் அனுப்பக்கூடாது.

உழவருக்கு எது பயன்படும்?

இவர்களுடைய மென்பொருள்களில் பெரும்பாலானவை சிறு உழவருக்குத் தேவையில்லை. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விற்பவர் ஸோஹோ புக்ஸுக்கு வாடகை கட்டி என்ன காண்பார்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துவோருக்கு அது பயன்படலாம், ஏனெனில் அவர்கள் தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தேங்காயையோ நாற்றுகளையோ வியாபாரிக்கு நேரடியாக விற்பவர், இலவசமாகக் கிடைக்கும் ஸோஹோ இன்வாய்ஸில் விலைப்பட்டியல் போடலாம். பாக்கி வைத்தவர் யார், எவ்வளவு என்பது மறக்காது.

எல்லா உழவருக்கும் பயன்படக்கூடியது ஸோஹோ ஷீட் போன்ற கட்டத்தாள். தனிநபருக்கு இதுவும் இலவசம். தேதி, வேலை, ஆள் எண்ணிக்கை, செலவு, வரவு என ஐந்து பத்திகள் போதும். நிலக்கடலைக்கு உழவு, விதை, ஜிப்சம், களையெடுப்பு, பறிப்பு என்று நடந்த அன்றே பதிய வேண்டும். கூட்டிப் பார்க்கும் வேலையைக் கட்டத்தாளே செய்துவிடும். இதில் நம்மவர்கள் விட்டுவிடும் செலவுகள் இரண்டு. ஒன்று, வீட்டு ஆட்களின் உழைப்பு. மற்றொன்று, சொந்த விதை. மனைவி பத்து நாள் களை எடுத்திருந்தால் அந்தப் பத்து நாள் கூலியையும் எழுதுங்கள். அப்போதுதான் எந்தப் பயிர் உண்மையில் இலாபம் தருகிறது, எந்தப் பயிர் வீட்டாரின் கூலியை விழுங்கிவிட்டு இலாபம்போல் தெரிகிறது என்பது புலப்படும்.

தோல் பதனிடும் பகுதியில் கிணறு வைத்திருப்போர் இன்னொரு தாளும் தொடங்க வேண்டும். அது நீர்ப் பரிசோதனைப் பதிவு. ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்னும், நீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு, மூன்று முறை அலசி, பிறகு நிரப்ப வேண்டும். பெயர், கிராமம், சர்வே எண், தேதி எழுதி ஒட்டித் தாமதமின்றி ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். அறிக்கையில் மின்கடத்தும் திறன் என்ற எண்ணைப் பாருங்கள். 0.75 டெசிசீமன்ஸுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் சாதாரண நிலைமையில் பாசனத்துக்கு ஏற்றதல்ல. வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான நிலத்தில், தென்னை போன்ற உப்பைத் தாங்கும் பயிர்களுக்கே பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு முறை எடுத்த அளவைவிட, பத்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த அளவுகளுக்கு மதிப்பு அதிகம். எந்தக் கோடையில் உப்பு ஏறியது என்று தேதியோடு காட்ட முடிந்தால், பயிரை மாற்றுவதற்கும் அது உதவும். இழப்பீடு கோரி அதிகாரிகளிடம் போகும்போது கையில் ஆதாரமாகவும் இருக்கும். ஆய்வுக்கூட அறிக்கையைப் படம் எடுத்துச் சேமித்தாலும், மூல அறிக்கையைத் தூக்கி எறியாதீர்கள். முத்திரையிட்ட தாளைத்தான் அதிகாரிகள் முதலில் கேட்பார்கள்.

இந்தத் தாள்களைப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையையே தயாரித்துத் தரச் சொல்லுங்கள். கூட்டலும் சராசரியும் தானாக வரும்படி அமைப்பது நிரல் எழுதுவதற்கு நல்ல முன்பயிற்சி. அந்த வேலையில் பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கிறதா, சலிப்பு வருகிறதா என்பதை நீங்களும் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் பிள்ளையின் கைபேசியோடு விட்டுவிடாமல், ஒரு தாளில் எழுதிப் பட்டா இருக்கும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.