கட்டை தெரிந்த மனிதர்

"படப்பிடிப்பில் டைரக்டர் நடிகரின் காதோரம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாரே, அவ்வளவு சுருக்கமாக என்னதான் சொல்வார்?" என்று கேட்டிருக்கிறார் திருமங்கலத்து வாசகி ஒருவர். 'ஆக்‌ஷன்', 'கட்' எல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் காதோரம் சொல்லவும் ஆளில்லாத நாடகம் அவர் ஊரைச் சுற்றியே நடக்கிறது.

ஸ்பெஷல் நாடகம்தான் அது. பங்குனியில் தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்களில் போடுவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, அரிதாரம் பூசும் இடத்தில்தான் பல நேரம் முகம் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை வள்ளி திருமணம் நடக்கும். டைரக்டர் என்று யாருமே இல்லை.

இது சாத்தியமானதற்கு ஒரு வாத்தியார் காரணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கே சேர்ந்தார்கள். பையன்களுக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடமாகும்வரை விடமாட்டார்கள். அந்தப் பாடம்தான் கை மாறி, வாய் மாறி, இன்று எல்லா நடிகர் தொண்டையிலும் இருக்கிறது. பழைய இத்தாலியில் 'கொம்மேதியா தெல் ஆர்த்தே' நாடக நடிகர்களுக்கோ கதைச் சுருக்கம் மட்டும்தான், மிச்சம் மேடையில்.

சரி, நள்ளிரவில் ஒருவர் பாதை மாறினால்?

அதற்குத்தான் மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர். பின்பாட்டும் அவரே. யாருக்கு எத்தனை கட்டை சுருதி என்று அவருக்குத் தெரியும். தெரியாத புதியவர் என்றால் முதல் இழுப்பிலேயே விரல் கண்டுபிடித்துவிடும். வசனம் முடியும் தறுவாயில் மெல்லச் சுருதி எழும்: பாட வேண்டிய நேரம். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் மூழ்கி நேரம் போவதை மறந்தால், அடுத்த பாட்டின் மெட்டு லேசாகத் தலைகாட்டும். சொல் மறந்தவருக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் உண்டு. சேக்கிழாருக்குத் தில்லையில் கிடைத்த உதவி, இங்கே கருப்புக் கட்டையிலும் வெள்ளைக் கட்டையிலும் கிடைக்கிறது. பபூன் வந்தால் ஆர்மோனியக்காரரும் வாய் திறந்து அவரோடு மல்லுக்கு நிற்பார்.

இந்தப் பத்தி எழுதுபவரின் வீட்டில் அம்மாவுக்கு இதே வித்தை கைவரும். விருந்தாளி முன்னால் ஒரு செருமல் என்றால் காபி போடு. இரண்டு என்றால் பால் இல்லை, கடைக்கு ஓடு. பிள்ளைகள் ஒருநாளும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தபோது, அந்த வீட்டுச் செருமல் மேடைக்கே வந்துவிட்டது எனலாம்.

இவ்வளவு செய்யும் பெட்டியை 1940-இல் அகில இந்திய வானொலி தடை செய்தது. முப்பது ஆண்டு வாசலுக்கு வெளியே நின்றது. இன்றைக்குத் தடையில்லை, பிளக்ஸ் பேனருக்கு ஆகும் செலவில் யோசிக்காத விழாக் கமிட்டி, பக்கவாத்தியச் சம்பளத்தில்தான் பேரம் பேசுகிறது.

திருமங்கலத்து வாசகி அடுத்த திருவிழாவில் பாயைக் கொஞ்சம் நகர்த்தி, ஆர்மோனியப் பக்கமாக விரிக்கட்டும்.