முதல் தட்டுக்கு முன் பத்து ஆண்டுகள்

லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் அன்று அரங்கில் எழுந்து கேள்வி கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். கல்யாணம், கோயில் திருவிழா என்று ரிங்லெட், தானா ராத்தா வரை போய் வாசிக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகப் பிறர் பாட்டையே பாடி வருகிறோம், சொந்தமாக ஓர் ஆல்பம் போடலாமா, போட்டால் தமிழில் போடுவதா மலாயில் போடுவதா என்பது அவருடைய கேள்வி. வீட்டில் அப்பா இரண்டுமே வேண்டாம் என்கிறார் என்றும் சொன்னார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைக்காட்சியில் எனக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். அன்று எலிகேட்ஸ் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எலிகேட்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தச் சுருட்டை முடி. பந்துபோல் தலையைச் சுற்றி நிற்கும் 'ஆப்ரோ' முடியுடன் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு சகோதரர்கள். அடுத்து நினைவுக்கு வருபவை மெதுவான மலாய்க் காதல் பாட்டுகள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? அந்த முடி காதல் பாட்டுக்காரர்களின் முடி அல்ல. அது 'பங்க்' இசைக்காரர்களின் முடி.

பங்க் என்றால் என்ன? அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து 1960களின் நடுவில் உருவான ஆட்ட இசை. அதற்கு வழி திறந்தவர் ஜேம்ஸ் பிரவுன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்திய ராக் அண்ட் ரோல் பாட்டில் இரண்டிலும் நான்கிலும் அடி பலமாக விழும். ஜேம்ஸ் பிரவுன் தம் கலைஞர்களிடம் முதல் எண்ணிக்கையில் எல்லோரும் ஒன்றாக வந்து விழ வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவரவர் போக்கில் இடைவெளிகளில் விளையாடலாம், ஆனால் மறுபடி 'ஒன்று' வரும்போது அத்தனை பேரும் அங்கே இருக்க வேண்டும். பேஸ் கித்தார் ஒரு சின்னத் துணுக்கை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். கித்தார் நரம்பை முழுதாக ஒலிக்க விடாமல் வெட்டி வெட்டி அடிப்பார்கள். டிரம்பெட், சாக்சபோன்கூட ராகம் பாடாது. மேளம்போல் குத்திவிட்டு நின்றுவிடும்.

நமக்கு இது புரிவதற்குக் கொஞ்சம் சிரமம்தான். நாம் பாட்டு என்றால் மெட்டைக் கேட்கிறவர்கள். இந்த இசையில் மெட்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும், தாளம்தான் வண்டியை ஓட்டும். ஆனால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தப்பும் உருமியும் கேட்டவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, கேட்பவரின் கால் தானாக அசையும்வரை விடாமல் இருப்பது நம் லயத்து வாசலில் நடப்பதுதானே? இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. காது ஏற்கெனவே பழகியிருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

எலிகேட்ஸ் உருவானது 1960களின் இறுதியில், பினாங்கில். அந்த ஊரில் அது நடந்ததற்குக் காரணம் உண்டு. நீரிணைக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தை 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படை நடத்தியது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களும் ஓய்வு நாட்களுக்குப் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் காசோடு வந்த இளைஞர்களுக்கு இரவில் இசை தேவைப்பட்டது. அவர்கள் ஊரில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ, அதை அப்படியே வாசிக்கும் குழுவுக்கு வேலை கிடைத்தது. துறைமுக நகரம் என்பதால் புது இசைத்தட்டுகளும் சீக்கிரம் வந்து சேர்ந்தன. இப்படித்தான் பினாங்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அமெரிக்க சோல் பாட்டுக்கும் பங்க் பாட்டுக்கும் கை பழகினார்கள். குழுவில் தமிழர் மட்டும் இல்லை, பல இனத்தவரும் இருந்தார்கள். பிறகு ஹாங்காங் போய், அங்கே இரவு விடுதிகளில் வாசித்தார்கள்.

இந்தக் கட்டத்தை அந்த இளைஞர் கவனிக்க வேண்டும். குழு தொடங்கியது அறுபதுகளின் இறுதியில் என்றேன். அவர்களின் முதல் மலாய் ஆல்பமான 'திரிமா காசே' வெளிவந்தது 1979ஆம் ஆண்டு, பாலிகிராம் நிறுவனத்தின் மூலம். இடையில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அவர்கள் பாடியது பிறர் பாட்டு. விடுதியில் இரவுக்குப் பல மணி நேரம் வாசிக்க வேண்டும். ஆட வந்தவர் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் முதலாளி வேறு குழுவைத் தேடுவார். வகுப்பறை இல்லாத பள்ளிக்கூடம் அது. நம் இளைஞர் மூன்று ஆண்டுகளை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் ஏன் மலாய்? இதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. தமிழை விட்டுவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்களை நானே கேட்டிருக்கிறேன். நான் கணக்கைப் பார்க்கிறேன். தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகள் 1970ஆம் ஆண்டில் முதலாம் வகுப்பிலிருந்து மலாய் மொழிக்கு மாறத் தொடங்கின. அன்று ஏழு வயதில் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு 1979இல் பதினாறு வயது. பாட்டு வாங்கும் வயது அதுதான். மலாயில் படித்து, ஆங்கில இசையின் தாளத்தில் ஆட ஆசைப்பட்ட ஒரு தலைமுறை எல்லா இனத்திலும் அப்போதுதான் வளர்ந்து நின்றது. அவர்களுக்கு ஏற்ற பாட்டு குறைவாக இருந்த நேரத்தில் எலிகேட்ஸ் வந்தார்கள். இன்னொன்றும் சேர்ந்தது. ஆர்டிஎம் தொலைக்காட்சி 1978 டிசம்பரில்தான் வண்ணத்துக்கு மாறியது. அந்த முடியும் மினுமினுக்கும் உடையும் வண்ணத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் அவர்களுக்கு அமைத்துக் கொடுத்த மெட்டுகள் அடுத்த சில ஆண்டுகளில் குழுவை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 'செக்குந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' அவற்றில் ஒன்று. மலேசியாவின் பீஜீஸ் என்று அவர்களைச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடில்லை, குரல் இணைவதை மட்டும் பார்த்துச் சொன்ன பட்டம் அது. வானொலியில் அடிக்கடி வருவது மெதுவான பாட்டுகள்தான் என்பதால் குழுவின் மற்றொரு பாதியை இளையவர்கள் அறியாமலே இருக்கிறார்கள். அந்த மெதுவான பாட்டுகளிலும் பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸையும் டிரம்சையும் மட்டும் ஒருமுறை கேளுங்கள். ஓட வேண்டிய இடத்தில் ஓடாமல் அடக்கி வாசிப்பது தெரியும். ஆட்ட இசையில் பல ஆண்டுகள் அடித்த கை அது.

லோகநாதன் 2007 ஜூன் 4ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இனம் பாராமல் நாடே அழுதது என்று சொன்னால் மிகையில்லை. தம்பி போன பிறகும் டத்தோ டேவிட் ஆறுமுகம் மேடையை விடவில்லை, குழுவின் பெயரிலேயே தொடர்ந்து பாடினார்.

தமிழில் போட்டால் எடுபடுமா என்ற பாதிக் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பதில் வேறு குழுவிடம் இருக்கிறது. பங்க் தட்டுகளின் தாளத் துணுக்குகளை வெட்டி எடுத்து அதன்மேல் பேசிப் பாடியதில் வளர்ந்ததுதான் ராப் இசை. யோகி பி இடம்பெற்ற பொயட்டிக் அம்மோ 1998இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கன்டனீஸ், தமிழ் நான்கும் இருந்தன. அதே யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006இல் முழுக்கத் தமிழில் தந்தது 'வல்லவன்'. 'நிழல்கள்' படத்துக்கு 1980இல் இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதில் புதுப்பித்திருந்தார்கள். அது கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனது, பிறகு யோகி பி-யைத் தமிழ்ப் படங்களே கூப்பிட்டன. எலிகேட்ஸ் தொடங்கிய காலத்தில் அந்தக் கதவு அங்கே இருக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த இளைஞரைத் தனியாகப் பார்த்தேன். குழுவில் என்னென்ன வாத்தியம் என்று கேட்டேன். கீபோர்டு, டிரம் பேட், ஒரு கித்தார், பாடகர். பேஸ் யார் என்றேன். கீபோர்டுக்காரரே இடது கையால் சமாளிக்கிறாராம். முதலில் பேஸ் கித்தார் ஒன்று வாங்குங்கள் தம்பி, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். மொழியை அப்புறம் பேசலாம். அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். எந்த ராத்திரி எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, வருடக் கடைசியில் அவர் கையில் கொடுங்கள் என்றேன். எழுதியதே இல்லையே ஐயா என்று தலையைச் சொறிந்தார்.