அர்பத்நாட் வீழ்ச்சி தரும் பாடம்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திற்று. வெள்ளைக்காரரின் பெயரையே ஜாமீனாக நம்பி, சற்றுக் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு நம்மவர் போட்டிருந்த பணம் ஒரே நாளில் முடங்கிற்று. லண்டன் கூட்டாளி ஊக வியாபாரத்தில் பெருநஷ்டம் அடைந்திருந்தது பின்னரே வெளிப்பட்டது. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

2008 செப்டம்பர் 15-ல் நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. அது சொந்த முதல் 1 டாலருக்குச் சுமார் 30 டாலர் சொத்தைக் கடன் வாங்கிச் சேர்த்திருந்தது. அக்கடனில் பெரும்பகுதி குறுகிய தவணையுடையது. வீட்டு விலை சரிந்ததும், கடன் கொடுத்தவர்கள் தவணையைப் புதுப்பிக்க மறுத்தனர். ஊர் வேறு, தொகை வேறு, நோய் ஒன்றே.

அர்பத்நாட்டால் நொந்த சென்னை அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. நமக்கு இது பெருமையே. ஆயினும் சுதேசிப் பெயரும் தனியே ஜாமீன் ஆகாது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கி முறிந்தது. அதன் பின்னரே 1962-ல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. 2020-ல் அதன் வரம்பு 5 லட்ச ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பாதுகாப்பும் பாங்கி டிபாசிட்டுக்கே உண்டு. அதிக வட்டி காட்டி அழைக்கும் மற்றக் கம்பெனிகளுக்கு இல்லை.

ஆகையால், வட்டி எவ்வளவு என்று கேட்குமுன், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்போமாக. விடை விளங்காவிட்டால், பணம் நம்மிடமே இருக்கட்டும்.