மௌனம் சம்மதமாகுமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று நம் பெரியோர் சொல்வது வழக்கம். மணப்பெண்ணின் நாணத்தைக் கருதி எழுந்த வார்த்தையாக அது இருக்கலாம். அங்குங்கூட அது எவ்வளவு தூரம் நியாயம் என்பது வேறு கேள்வி. அது நிற்க. ஓவியன் ஒருவன் தன் படத்தைப் பலரும் பார்க்கும்படி சுவரிலே தொங்கவிட்டுப் பேசாதிருந்தால், அப் படத்தை எவரும் எடுத்துக் கையாள அவன் சம்மதித்துவிட்டான் என்று கொள்ளலாமா? ஓவியப் பதிப்புரிமை பற்றி எழுந்த வழக்குகளையும் வாதங்களையும் படிக்குந்தோறும், அவற்றுட் பெரும்பாலானவை இறுதியில் இந்த ஒரு வினாவிலேயே வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இவ் வினா இன்று மிகக் கூர்மையாக எழுந்திருக்கும் இடம் இணையத்திலுள்ள ஓவியக்கூடங்களாகும். அவற்றுட் பழமை வாய்ந்த ஒன்று அமெரிக்காவிலே தோன்றிய 'டீவியன்ட் ஆர்ட்'. ஸ்கொட் ஜார்கோப், மத்தியூ ஸ்டீவன்ஸ், ஏஞ்சலோ சொட்டிரா ஆகிய மூவரின் முயற்சியால் 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி அது தொடங்கப்பெற்றது. படத்தைத் தெரிந்தெடுக்க அங்கே நடுவர் குழு இல்லை. செல்வந்தரின் தயவும் வேண்டியதில்லை. மாணவன் பென்சிலாற் கீறிய படமும், தொழில்முறை ஓவியர் பல வாரம் உழைத்து முடித்த சித்திரமும் அருகருகே தொங்கும். அங்கு வைக்கப்படும் ஒவ்வொரு படைப்புக்கும் 'டீவியேஷன்' என்று பெயர். வழக்கத்தினின்றும் விலகியது என்பது அதன் பொருள். ஆயினும், வழக்கத்தினின்றும் விலகியவர்கள் கூடிய வீட்டிற்கும் விதிகள் வேண்டியிருந்தன.

அவ் விதிகளை மூன்று வகையாக நோக்கலாம். எதனைக் காட்டலாம் என்பது முதல் வகை. நிர்வாண உருவம் ஓவியக் கலையின் பழம்பெரும் பொருள்களுள் ஒன்று. அதனை அடியோடு விலக்காமல், வயது வந்தோர்க்குரியது என்ற எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் வைப்பது அக்கூடத்தின் முறை. கலை எங்கே முடிகிறது, ஆபாசம் எங்கே தொடங்குகிறது என்ற தர்க்கம் எந்த நாட்டிலும் ஓய்ந்ததில்லை, அங்கும் ஓயவில்லை. யாருடையதைக் காட்டலாம் என்பது இரண்டாம் வகை. தன் கையால் ஆக்கியதை, அல்லது பயன்படுத்தத் தனக்கு உரிமை உள்ளதையே ஒருவர் அங்கு வைக்கவேண்டும். பிறர் அதனை என்ன செய்யலாம் என்பது மூன்றாம் வகை.

இந்த மூன்றாம் வகையிலே அவ் ஓவியர்கள் தாமாகவே வளர்த்த ஒரு நல்ல வழக்கம் என் மனத்தைக் கவர்ந்தது. தம்மையே பல கோலங்களிற் புகைப்படம் எடுத்து, மற்றைய ஓவியர்கள் பார்த்து வரைவதற்கென்று பலர் பொதுவில் வைக்கிறார்கள். துணி மடிப்பு, மேகம், பழஞ்சுவர் ஆகியவற்றின் படங்களும் அவ்வாறே வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் வைத்தவரின் நிபந்தனை இருக்கும்: "என் பெயரைக் குறிப்பிடுக", "வரைந்து முடித்ததும் எனக்குக் காட்டுக", "விற்பனைக்குப் பயன்படுத்தற்க" என்று இவ்வாறு. கேட்பதும் கொடுப்பதும் அங்கே வெளிப்படையாக நடக்கின்றன. மௌனத்திற்கு வேலையே இல்லை. சட்டம் படியாத இளைஞர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட இந்த ஒழுங்கு, சட்டம் படித்தவர்கள் பலருக்குப் பாடமாகத் தக்கது.

பிறர் படத்தைக் கவரும் தொழில் இணையத்தோடு பிறந்ததன்று. ஜெர்மனிய ஓவியரான ஆல்பிரெக்ட் டூரர், மரியன்னையின் வாழ்க்கையை மரக்கட்டைகளிற் செதுக்கிப் படங்களாக அச்சிட்டார். இத்தாலியரான மார்க்கன்டோனியோ ராய்மொண்டி அவற்றைச் செப்புத் தகட்டிற் பிரதி செய்தபோது, டூரர் இடும் எழுத்து முத்திரையையுஞ் சேர்த்தே பொறித்தார். டூரர் வெனிஸ் நகர ஆட்சியாளரிடம் முறையிட்டார் என்றும், முத்திரையை இனி இடலாகாது என்பதற்கு மேல் அவருக்கு எதுவுங் கிடைக்கவில்லை என்றும் வசாரி 1568இல் வெளியிட்ட நூற்பதிப்பில் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும்படி பார்த்தால், அந்த நகரம் டூரரின் பெயரைக் காத்தது, படத்தைக் காக்கவில்லை.

படத்தையுங் காக்கும் சட்டம் இங்கிலாந்திலே 1735இல் வந்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் செதுக்குப் படங்களைக் கள்ள அச்சுக்காரர் மலிவாகப் பிரதி செய்து விற்றனர். அவரும் அவருடைய நண்பர்களும் பாராளுமன்றத்திடம் முறையிட்டுச் சட்டம் ஒன்றைப் பெற்றனர். அதன்படி, வெளிவந்த நாளிலிருந்து 14 ஆண்டுகளுக்கு உரிமையாளரின் அனுமதியின்றி எவரும் பிரதி செய்தல் கூடாது. தம்முடைய புதிய தொடரான எட்டுப் படங்களையும் அச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை வெளியிடாமல் ஹோகார்த் வைத்திருந்தார். உரிமை கோருவோர் தகட்டிலே தம் பெயரையும் திகதியையும் பொறிக்கவேண்டும் என்பதும் அச் சட்டத்தின் நிபந்தனை. ஓவியன் வாய் திறந்து "இது என்னுடையது" என்று சொன்னாலன்றி அன்றைய சட்டம் அவனுக்குத் துணை நிற்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது பேர்ண் உடன்படிக்கை. 1886இல் உருவான அவ் உடன்படிக்கை 1908இற் பேர்லின் நகரிலே திருத்தப்பட்டபோது, உரிமை பெறுவதற்குப் பதிவு முதலிய சடங்குகள் எவையும் வேண்டியதில்லை என்று விதித்தது. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. நம் நாடு 1959இல் அதிற் சேர்ந்தது. இன்று இலங்கையில் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பொருளாதார உரிமையைக் காக்கிறது. பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும், படைப்புச் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையையும் தனியாக வகுத்துத் தருகிறது. ஆகவே, படத்தின் மூலையிலே பெயர் எழுதாத ஓவியனும் தன் உரிமையை இழப்பதில்லை. அவனுடைய மௌனம் தானம் ஆகாது என்பதே இதன் கருத்து.

ஆனால் நடைமுறை வேறு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், இணையக்கூடங்களை நடத்துவோருக்கு ஒரு பாதுகாப்பு அளித்தது. உரிமையாளர் முறைப்படி அறிவித்ததும், உரிமை மீறிய படத்தை விரைவில் அகற்றிவிட்டால், பிறர் செய்த குற்றத்திற்காகக் கூடம் நட்டஈடு செலுத்த வேண்டியதில்லை. படத்தை வைத்தவர் மறுப்பு அனுப்பலாம். அதன்பின் உரிமையாளர் வழக்குத் தொடராவிடின், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் படம் திரும்பவும் வைக்கப்படும். இலட்சக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வைக்கும்படி ஒரு நிறுவனத்தைக் கேட்பது இயலாத காரியமாதலால், இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. ஆயினும் தேடுகின்ற பாரம் முழுவதும் ஓவியன் தலையிலேயே விழுகிறது. தன் படம் சட்டையிலும் கோப்பையிலும் அச்சாகி எங்கோ விற்கப்படுவதை அவனே கண்டுபிடித்து, அவனே எழுதி, அவனே காத்திருக்கவேண்டும். 2021இல் டீவியன்ட் ஆர்ட், ஒத்த படங்களைத் தேடி உரியவருக்கு அறிவிக்கும் கருவி ஒன்றைத் தந்தது. கண்டுபிடிக்கும் வேலை சற்றுக் குறைந்தது. வாதாடும் வேலை குறையவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. பார்த்து வரையாமல் ஓவியரானவர் எவருமிலர். தமக்குப் பிடித்த கதைமாந்தரை வரையும் இளைஞர்களைத் திருடர் என்று துரத்தினால், நாளைய ஓவியர்களையே துரத்தியவராவோம். அதேவேளையில், புகழ் பெற்றவர் செய்தாற் கலை, மற்றவர் செய்தாற் களவு என்றும் சொல்லலாகாது. லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981இற் பாடகர் பிரின்ஸைப் படம் பிடித்தார். அதனை ஒருமுறை பயன்படுத்த 1984இல் ஒரு சஞ்சிகை அனுமதி பெற்றது. ஆன்டி வார்ஹோல் அதனைக் கொண்டு மேலும் பல படங்கள் ஆக்கினார். 2016இற் பாடகர் இறந்தபின், அவற்றுள் ஒன்றைச் சஞ்சிகையில் வெளியிட வார்ஹோல் அறக்கட்டளை 10,000 டொலர் பெற்றது. கோல்ட்ஸ்மித்துக்கு எதுவுங் கிடைக்கவில்லை. அவர் பெயரும் அங்கு இல்லை. 2023 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், அந்தப் பயன்பாடு நியாயமான கையாளுகை என்ற வாதத்தை ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் நிராகரித்தது.

இவை யாவும் மனிதர் மனிதரிடமிருந்து எடுத்த கதைகள். 2022இல் எடுப்பவரின் இடத்திலே இயந்திரம் வந்து நின்றது. சொற்களிற் கேட்டால் படம் தரும் 'ஸ்டேபிள் டிபியூஷன்' போன்ற இயந்திரங்கள், இணையத்திலுள்ள எண்ணற்ற படங்களையும் அவற்றின் விளக்கச் சொற்களையுங் கொண்டு பயிற்றப்பட்டவை. அவ்வாண்டு வெளியான 'லயன்' என்ற தொகுதி ஒன்றிலே மட்டும் சுமார் 585 கோடிப் படங்களின் முகவரிகள் விளக்கங்களோடு அடங்கியிருந்தன. அவற்றை வரைந்தோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் டீவியன்ட் ஆர்ட் 'ட்ரீம் அப்' என்ற பெயரில் இத்தகைய கருவி ஒன்றைத் தன் உறுப்பினர்க்கு அளித்தது. கூடவே, தம் படங்களை இயந்திரப் பயிற்சிக்கு எடுக்கலாகாது என்று ஓவியர் அறிவிக்கும் வசதியையுந் தந்தது. வெளித்தோற்றத்திலே இது நல்ல ஏற்பாடு. ஆனால் "எடுக்கலாகாது" என்று ஓவியர் தாமே குறித்தாலன்றி, எடுக்கலாம் என்றே கொள்ளப்பட்டது. அங்கே பெருங் கொதிப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் நிர்வாகம் விதியைத் தலைகீழாக மாற்றி, எல்லாப் படங்களையும் "எடுக்கலாகாது" என்ற பக்கத்திலேயே வைத்தது.

தவற்றைத் திருத்தியது பாராட்டத் தக்கதே. எனினும் முதலிற் செய்த எண்ணத்தையே நான் ஆராய விரும்புகிறேன். நோயாற் படுத்திருப்பவர், பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் போகாதவர், இறந்துபோனவர் ஆகியோரின் படங்களும் அங்கே தொங்குகின்றன. அவர்கள் எவ்வாறு மறுப்பார்கள்? அறிவித்தல் கண்ணிற் படாதவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது, பூட்டாத வீடு பொது வீடு என்று சொல்வதை ஒக்கும். விதி வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது, வீட்டுக்காரரும் மாறக்கூடியவர். 2017இல் அக்கூடம் 'விக்ஸ்' நிறுவனத்திற்கு 3 கோடியே 60 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. ஆண்டுக்கணக்காகப் படம் வைத்து அக்கூடத்துக்கு அந்த மதிப்பைத் தேடிக்கொடுத்தவர்கள் ஓவியர்கள் என்பதை மறத்தலாகாது.

2023 ஜனவரியில் சாரா அண்டர்சன், கெலி மக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் ஸ்டபிலிட்டி, மிட்ஜேர்னி, டீவியன்ட் ஆர்ட் ஆகிய நிறுவனங்கள் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் நீதிபதி வில்லியம் ஓரிக் பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்க மறுத்தார். பலவற்றைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க இடமளித்தார். மூவருள் இருவரின் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளப்பட்டதற்குக் காரணம், அவர்கள் தம் படைப்புகளைப் பதிவு செய்யாமையே. பேர்ண் உடன்படிக்கையிற் சேர்ந்தும், தன் நாட்டுப் படைப்புக்கு வழக்காட வேண்டுமாயின் பதிவு வேண்டும் என்ற விதியை அமெரிக்கா கைவிடவில்லை. 2024 ஓகஸ்டில், திருத்திய மனுவிலுள்ள பதிப்புரிமைக் கோரிக்கைகள் விசாரணைக்குச் செல்ல நீதிபதி அனுமதித்தார். ஆனால் டீவியன்ட் ஆர்ட் தன் சொந்த விதிகளை மீறியது என்ற ஒப்பந்த முறைப்பாட்டை அவர் ஏற்கவில்லை. வீட்டு விதியை நம்பியிருக்கும் ஓவியனுக்கு அந்த நம்பிக்கை நீதிமன்றத்திலே எவ்வளவு உதவும் என்பதை இதனால் அறியலாம்.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சுயந்திரமும் புகைப்படக் கருவியும் வந்தபோது ஓவியம் அழிந்துவிடவில்லை. கேட்டு எடுக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. படம் வைக்கும் வேளையிலே, "பிறர் பார்த்து வரையலாமா? விற்கலாமா? இயந்திரம் பயிலலாமா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது எந்தக் கூடத்திற்கும் இயலாத காரியமன்று. விடை வராத இடத்திலே, இல்லை என்பதையே விடையாகக் கொள்ளவேண்டும். எடுக்க விரும்புபவன் தேடிப் போகட்டும். படைத்தவன் ஓடித் திரிய வேண்டாம்.

இதனை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமே சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பாடசாலை மலருக்கு முகப்புப் படம் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டுவது இன்று மிக எளிது. எடுத்த படத்திற்கும் ஒரு கை உண்டு. அந்தக் கைக்கு ஒரு பெயர் உண்டு. மாணவனைக்கொண்டே அந்தப் பெயரைத் தேடச் செய்து, இரண்டு வரியில் அனுமதி கேட்டு எழுதச் செய்யலாம். மறுமொழி வாராவிட்டால், அந்த வகுப்பிலே ஓவியம் வரையும் பிள்ளையிடம் ஒரு படம் கேட்கலாம். அதன் கீழே அப் பிள்ளையின் பெயரை அச்சிட மறவாதிருக்க வேண்டும்.