தொலைக்காட்சியும் தனிச் செவியும்

கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதியாகும். அக்காலத்து எளிய வானொலிக் கருவி, பளிங்குத் துண்டு ஒன்றைக்கொண்டு இயங்கியது. அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை; பற்றரியும் வேண்டியதில்லை. வானலையிலிருந்து கிடைத்த மிகச் சிறிய மின்னோட்டமே அதற்குப் போதியதாயிருந்தது. ஆனால் அச்சிறு மின்னோட்டத்தால் ஒலிபெருக்கி ஒன்றை இயக்க முடியாது. ஆகவே கேட்பவர் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் கேட்க மற்றவர்கள் காத்திருந்தனர். சிலர் ஹெட்போனை வெறுங் கிண்ணமொன்றினுள் வைத்து, அதிலிருந்து எழும் ஒலிக்குச் சுற்றியிருந்து காதுகொடுத்தனர். ஒருவர் கேட்பதைப் பலரும் கேட்கச் செய்வதெப்படி என்பதே அன்று மக்களுக்கிருந்த கவலை.

இன்று அக்கவலை தலைகீழாக மாறிவிட்டது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அதன் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டி நம் வீடுகளின் ஹோலிலே நிரந்தரமான இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது அதன் பின்புறத்தில் விரலளவான ஸ்ரிக் ஒன்றையோ சிறு பெட்டி ஒன்றையோ செருகி, இணையத்திலிருந்து வேண்டிய படத்தை வேண்டிய நேரத்திற் பார்க்கின்றோம். நேரக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. ஆயினும் வீட்டின் சுவர்கள் அன்றிருந்த இடத்திலேயே இருக்கின்றன.

செவிப்புலன் சற்றுக் குறைந்த அம்மம்மா சத்தத்தைக் கூட்டுகிறார். அடுத்த அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி கதவைச் சாத்துகிறாள். சத்தத்தைக் குறைத்தால் அம்மம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. குறைக்காவிட்டால் பேத்திக்குப் படிப்பு ஓடாது. இருவரிடமும் நியாயம் இருக்கிறது. இத்தகைய வீட்டுக்குக் கம்பியில்லா ஹெட்போன் ஏற்ற துணையாகும். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னர் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “எந்தக் கம்பனியின் ஹெட்போன் நல்லது?” என்பதன்று. “யார், யாருடன் சேர்ந்திருந்து கேட்கப் போகிறார்?” என்பதே அக்கேள்வி. அதன் காரணத்தைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

மூன்று வழிகள்

முதலாவது வழி மிக எளிது. அப்பிள் ரி.வி., அமேசன் ஃபயர் ரி.வி., கூகுள் ரி.வி. முதலிய கருவிகளிற் பெரும்பாலானவற்றில் புளூரூத் வசதி ஏற்கெனவே இருக்கின்றது. ஹெட்போனின் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்து, கருவியின் செற்றிங்ஸ் பகுதியில் புளூரூத் என்னும் இடத்துக்குச் சென்றால், ஹெட்போனின் பெயர் திரையிலே தோன்றும். அதைத் தெரிவுசெய்ததும் இணைப்பு ஏற்பட்டுவிடும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழியில் ஒலி புளூரூத்தின் உதவியின்றி வீட்டு வைஃபை மூலம் செல்கிறது. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ரோக்கு 3 என்னும் கருவியின் றிமோற்றிலேயே ஹெட்போன் செருகும் துவாரம் ஒன்று இருந்தது. படத்தின் ஒலி வைஃபை அலையில் ஏறி றிமோற்றை அடைந்து, அங்கிருந்து காதுக்குச் சென்றது. பின்னர் அக்கம்பனி கைத்தொலைபேசிச் செயலி ஒன்றிலும் இவ்வசதியை ஏற்படுத்தியது. தொலைபேசியிற் செருகிய சாதாரண ஹெட்போனிலேயே தொலைக்காட்சியின் ஒலியைக் கேட்க அதனால் முடிந்தது.

மூன்றாவது வழி, இவ்வசதிகள் எவையும் இல்லாத கருவிகளுக்கு உரியது. 2013இல் வெளிவந்த முதலாவது குரோம்காஸ்ற் அத்தகையது. அதிலிருந்து புளூரூத் ஹெட்போனுக்கு ஒலியை அனுப்ப முடியாது. இந்நிலையில், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலி வெளிவரும் துவாரத்தில் ட்ரான்ஸ்மிற்றர் என்னும் சிறு அனுப்புகருவியைப் பொருத்த வேண்டும். பல தொலைக்காட்சிகளில் இதற்கென ஒப்ரிக்கல் எனப்படும் ஒளியிழைத் துவாரம் உண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சியின் ஒலிச் செற்றிங்ஸில் டொல்பி என்றிருப்பதைப் பி.சி.எம். என்று மாற்றிவிட வேண்டும். மலிவான அனுப்புகருவிகள் பலவற்றுக்கு டொல்பி முறையிற் சுருக்கிய ஒலியை விரித்துப் படிக்கத் தெரியாது. செற்றிங்ஸை மாற்றாதவர்கள் சத்தம் வராததைக் கண்டு கருவி பழுதென்று கருதிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுசெல்வதும் உண்டு.

ஒலி பிந்துவது ஏன்?

இணைப்பு ஏற்பட்டதும் சிலர் ஒரு குறையைக் காண்பர். திரையிலே நடிகரின் உதடு முன்னே அசைகிறது; சொல் பின்னே வந்து சேர்கிறது. வானலை ஒளியின் வேகத்திற் செல்வதன்றோ? ஒரு ஹோலின் அகலத்தைக் கடப்பதற்கு அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

தாமதம் பயணத்தில் ஏற்படுவதன்று. பொதி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் ஏற்படுவதாகும். புளூரூத் வழியே ஒலியை அனுப்பும் கருவி அதனை முதலில் சுருக்குகிறது. பின்னர் சிறு சிறு பொதிகளாகக் கட்டுகிறது. புளூரூத் இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை சனநெருக்கம் மிக்க சந்தையைப் போன்றது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, அயல்வீட்டுக் கருவிகள் யாவும் அங்கேதான் நடமாடுகின்றன. இந்நெரிசலைத் தவிர்ப்பதற்காக, வழக்கமான புளூரூத் 79 வழித்தடங்களிடையே செக்கனுக்கு 1600 தடவை மாறி மாறித் தாவுகிறது. அவ்வாறு தாவியும் சில பொதிகள் தவறிவிடும். அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டும். அதற்கிடையில் பாட்டு அறுந்துவிடாதிருக்க, ஹெட்போன் சில பொதிகளை முற்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு, சற்றுப் பிந்தியே ஒலிக்கத் தொடங்குகிறது. மழைக்காலத்துக்கென நெல்லைக் கோற்காலியிற் சேமித்து வைக்கும் குடும்பத்தைப் போன்றது இது. சேமிப்புக் கூடினால் அச்சமில்லை, தாமதமும் கூடும்.

சாதாரணப் புளூரூத் ஹெட்போன்களில் இத்தாமதம் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செக்கன் வரை இருக்கும். இது அற்பமானதென்று தோன்றலாம். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கட்டும். வெப்பமான நம் நாட்டுக் காற்றிலே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். 200 மில்லி செக்கனில் அது 70 மீற்றர் செல்லும். அதாவது, தாமதமுள்ள ஹெட்போனை மாட்டியவர், கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு நடுவிலே துடுப்பு பந்தை அடிப்பதைப் பார்ப்பவருக்கு ஒப்பாவார். அடி முதலிற் கண்ணுக்குத் தெரியும். ஓசை பின்னர் காதுக்கு எட்டும்.

மனிதரின் பொறுமைக்கும் ஓர் அளவுண்டு. ஒலி படத்துக்கு 45 மில்லி செக்கன் முந்தினாலே மக்கள் அதைக் கண்டுகொள்வர் என்றும், பிந்துவதாயின் 125 மில்லி செக்கன் அளவில்தான் கண்டுகொள்வர் என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு ஆவணம் கூறுகின்றது. பிந்துவதை நாம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வது இயற்கையே. மின்னலுக்குப் பின்னரே இடி வருகிறது. தூரத்தில் மரந் தறிப்பவனின் கோடரி விழுந்த பின்னரே ஓசை வருகிறது. ஓசை முந்தி வருவதை இயற்கை நமக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

கேள்விக்கு மீள்வோம்

இத்தாமதத்துக்கு இரண்டு பரிகாரங்கள் உள. நம் முதற்கேள்வி இங்கேதான் முக்கியம் பெறுகிறது.

ஒரு பரிகாரம், படத்தையும் பிந்தச் செய்வது. ஸ்ரிக் அல்லது பெட்டியிலேயே புளூரூத் இருக்குமாயின், ஒலி எவ்வளவு பிந்தும் என்பதைக் கணித்து, படத்தையும் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்து அனுப்ப அதனால் முடியும். ஆகவே முதலாவது வழியில் உதடும் சொல்லும் பெரும்பாலும் பொருந்தியிருக்கும். சில கருவிகளில் இதனைக் கையாலே திருத்தும் வசதியும் உண்டு. ஆனால் இவ்வழிக்கு ஒரு விலையுண்டு. ஹெட்போன் இணைந்ததும் இத்தகைய கருவிகளிற் பெரும்பாலானவை தொலைக்காட்சிக்கு ஒலி அனுப்புவதை நிறுத்திவிடும். மாட்டியவருக்கு மட்டுமே கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கு ஊமைப்படம்தான். இரவிலே தனியே இருந்து படம் பார்ப்பவருக்கு இது மிக நன்று. குடும்பத்தோடிருந்து பார்க்க விரும்பும் அம்மம்மாவுக்கு இது பொருந்தாது.

மற்றைய பரிகாரம், தாமதம் குறைந்த இணைப்பைத் தேடுவது. ஒப்ரிக்கல் துவாரத்திற் பொருத்திய அனுப்புகருவி இயங்கும்போது, பல தொலைக்காட்சிகளில் பெட்டியின் ஒலிபெருக்கியும் தொடர்ந்து பேசும். அம்மம்மாவுக்கு வேண்டிய சத்தம் ஹெட்போனில். மற்றவர்களுக்கு வேண்டிய மெல்லிய சத்தம் ஹோலில். ஆனால் தொலைக்காட்சி தன் படத்தை இதற்காக நிறுத்தி வைக்காது. ஆகையால் இங்கே சாதாரணப் புளூரூத் போதாது. அப்ரெக்ஸ் லோ லேற்றன்சி என்னும் முறை தாமதத்தை ஏறக்குறைய 40 மில்லி செக்கனுக்குக் குறைக்கின்றது. ஆனால் அனுப்புகருவி, ஹெட்போன் இரண்டிலும் அம்முறை இருத்தல் வேண்டும். ஒன்றில் மாத்திரம் இருந்தாற் பயனில்லை. தொலைக்காட்சிக்கென்றே செய்யப்பட்டு, அனுப்புகருவியும் ஹெட்போனும் சோடியாக விற்கப்படும் வானலை ஹெட்போன்கள் முதியோருக்கு இன்னும் இலகுவானவை. தாங்கியில் வைத்தால் மின்னேறும். எடுத்து மாட்டினாற் கேட்கும். ஒவ்வொரு நாளும் இணைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொலைக்காட்சியிற் சாதாரண ஹெட்போன் செருகும் வட்டத் துவாரத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றை மனத்திற் கொள்க. அதிற் செருகியவுடன் ஒலிபெருக்கியை ஊமையாக்கும் பெட்டிகள் பல. வாங்குமுன் வெறும் கம்பி ஹெட்போன் ஒன்றைச் செருகிப் பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

செவியின் குறை

முதியோருக்கு ஹெட்போன் உதவுவதற்குச் சத்தம் கூடுவது மட்டுமே காரணமன்று. வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையாகும். பேச்சிலே உயிரொலிகள் தாழ்ந்த சுருதியிலும், மெய்யொலிகள் பல உயர்ந்த சுருதியிலும் அமைந்தவை. ஆகவே முதியவருக்கு உயிர் கேட்கும், மெய் மறையும். ‘சட்டி’யா ‘பட்டி’யா என்று அவர் தடுமாறுவது இதனாலேயே. “சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்று நம் மூத்தோர் கூறுவது செவியின் நிலையைச் சரியாக எடுத்துரைக்கும் வாக்கியமாகும். ஹோலின் ஒலிபெருக்கியைக் கூட்டினால் சுவரின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் பேச்சோடு கலந்தே அவர் செவியை அடைகின்றன. ஹெட்போனோ சொல்லைச் செவியின் வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆயினும் அது வைத்தியமாகாது. கேட்கும் திறன் குறைந்துவருவோரைக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுதல் அவசியம். செவிப்புலன் கருவி அணிவோருக்கும் வழிகள் திறந்து வருகின்றன. 2022இல் வெளிவந்த அமேசன் ஃபயர் ரி.வி. கியூப், சிலவகைச் செவிப்புலன் கருவிகளுக்கு நேரடியாகவே ஒலியை அனுப்பவல்லது.

இளைஞருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரியவர்கள் 80 தெசிபெல் அளவான ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற் கேட்கலாகாது என்றும், சிறுவருக்கு அவ்வெல்லை 75 தெசிபெல் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 தெசிபெல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 80இல் 40 மணித்தியாலம் கேட்கலாமாயின், 83இல் 20, 86இல் 10, 89இல் 5 மணித்தியாலம் மாத்திரமே. ஹெட்போனை மாட்டியிருக்கும்போது பக்கத்திலிருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிடில், சத்தம் மிகுந்துவிட்டதென்று கொள்ளலாம்.

பலருக்கு ஓர் ஒலி

இதுகாறும் நாம் பேசிய புளூரூத் இணைப்புப் பொதுவாக ஒரு கருவிக்கும் ஓர் ஹெட்போனுக்கும் இடையிலானது. 2020இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூரூத் ஒலிமுறையும், அதில் அடங்கி 2022இல் ஓராகாஸ்ற் என்று பெயர் பெற்ற பகுதியும் இந்நிலையை மாற்றுகின்றன. ஒரு தொலைக்காட்சி தன் ஒலியை வானொலி நிலையம் போலப் பரப்பும். அவ்வசதியுள்ள ஹெட்போன்களும் செவிப்புலன் கருவிகளும் எத்தனையாயினும் அதைப் பெறும். ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய அளவிற் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரே படத்தைச் சேர்ந்து பார்க்கலாம். புதிதாகத் தொலைக்காட்சி வாங்க எண்ணுவோர் இவ்வசதி உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டறிதல் நன்று.

கருவிகள் மாறும், விலைகளும் மாறும். நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறாது. பேத்தியின் படிப்புக்காக அம்மம்மாவை ஒரு மூலையிலே தனியே இருத்தி, மற்றவர்களுக்குக் கேளாத படமொன்றைப் பார்க்கச் செய்தால் வீடு அமைதியாகும். ஆனால் அவரோடு சேர்ந்து சிரிப்பதற்கு எவரும் இருக்கமாட்டார். சற்று விசாரித்து ஏற்ற முறையைத் தேர்ந்தால், பேத்திக்கு அமைதியும் அம்மம்மாவுக்குச் சொல்லும் மற்றவர்களுக்கு அம்மம்மாவும் கிடைப்பர். கடைக்குப் போகுமுன் வீட்டார் எல்லோரும் கூடியிருந்து, யார் யாரோடு பார்க்க விரும்புகிறார்கள் என்பதைப் பேசி முடிவுசெய்வார்களாக. அம்மம்மாவையும் கேட்டே முடிவுசெய்வார்களாக.