தொட்டியில் ஓடிய யமாதோ

ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்தைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியை விற்பனைக்கு விட்டது. யமாதோ போர்க்கப்பல், 1/800 அளவு. அதற்கு முன்பு மரத்தில் மாதிரிகள் செய்து விற்றவர்கள் அவர்கள். அதற்கும் முன்பு மரம் அறுத்து விற்றவர்கள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மாதிரிகள் கடைக்கு வந்ததும் மரச்சரக்கு போணியாகவில்லை. துணிந்து உலோக அச்சு செய்து யமாதோவை இறக்கினார்கள். அந்த நேரம் பார்த்து நிச்சிமோ என்ற போட்டி நிறுவனமும் யமாதோவையே 350 யென்னுக்குக் கொண்டுவந்தது. தாமியாவும் அந்த விலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். பின்னால் வந்த பாந்தர் டாங்கிதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

அன்றைக்கு அந்தப் பெட்டியை வாங்கியவன் பள்ளிக்கூடப் பையன். அவனுக்குத் தெரிய வேண்டியவை இரண்டே விஷயம்: ஓடுமா, தண்ணீர் புகுமா? அக்காலக் கப்பல் கிட்கள் பலவற்றில் சின்ன மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடம் விட்டிருப்பார்கள். சுழலித் தண்டு வெளியே வரும் துளையில் கிரீஸை அடைத்து, குளத்திலோ குளியல் தொட்டியிலோ விட்டால் கப்பல் ஓடும். பீரங்கியில் எத்தனை குழல் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

எண்ணியிருந்தாலும் சரிபார்க்க வழியில்லை. யமாதோவைப் போல மறைத்துக் கட்டிய கப்பல் குறைவு. 1937இல் குரே தளத்தில் வேலை தொடங்கி 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. 263 மீட்டர் நீளம். அதன் பீரங்கிக் குழலின் உண்மையான உள்விட்டம் 46 சென்டிமீட்டர். கடற்படையின் காகிதத்தில் 40 என்றே பெயர். அதன் தங்கைக் கப்பலான முஸாஷியை நாகசாகியில் கட்டியபோது ஊர்க்கண்ணில் படாமலிருக்க பனைநார்க் கயிற்றால் பிரம்மாண்டமான திரைகள் பின்னித் தொங்கவிட்டார்கள். 1945 ஏப்ரல் 7 அன்று ஒக்கினாவாவை நோக்கிப் போகையில் அமெரிக்க விமானங்கள் யமாதோவை மூழ்கடித்தன. ஏறக்குறைய 3,000 பேர் அதோடு போனார்கள். அந்த ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது வரைபடங்களையும் புகைப்படங்களையும் குவித்துக் கொளுத்தினார்கள்.

ஆகவே கிட் வடிவமைத்தவர் கையில் இருந்தது கொஞ்சம்தான்: நெருப்புக்குத் தப்பிய தாள்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள், பழைய அதிகாரிகளின் ஞாபகம். கடற்படைக் கப்பல் பொறியாளராக இருந்த ஃபுகுய் ஷிஸுவோ போன்ற ஒரு சிலர் தேடித்தேடிச் சேர்த்து வைத்திராவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. தெரிந்ததைச் செதுக்கினார், தெரியாத இடத்தை வழுவழுவென்று விட்டார். அந்த வழுவழுப்பைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1971இல் ஷிஸுவோகா நிறுவனங்கள் நான்கு கூடி ஒரு காரியம் செய்தன. தாமியா, ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி. ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் 1/700 என்ற ஒரே அளவில், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி இல்லாமல் செய்வது என்று முடிவு. வாட்டர்லைன் தொடர் என்று பெயர். யமாதோ தாமியாவின் பங்குக்கு வந்தது. அடி தட்டை என்பதால் கப்பல் மேஜைமேல் கடலில் நிற்பதுபோல் நிற்கும். மோட்டாருக்கு அங்கே வேலை இல்லை. தொட்டியிலிருந்து கப்பலை அலமாரிக்கு ஏற்றியது அந்த ஒப்பந்தம்தான் என்பேன். ஒரே அளவு என்றானதும் ஒன்று வாங்கியவருக்கு அதன் பக்கத்தில் நிறுத்த இன்னொன்று வேண்டியிருந்தது.

அலமாரிக் கப்பலை உற்றுப் பார்ப்பார்கள். அதனால் கைவேலையும் கூடிற்று. பெட்டியில் இல்லாததை வீட்டில் இருப்பதை வைத்துச் செய்தார்கள். கம்பத்திலிருந்து இறங்கும் கயிறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை நறுக்கி மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். உடனே நெருப்பை விட்டு விலக்கி இரண்டு கையையும் அகலப் பிரித்தால், முடிபோல ஒரு இழை நீளும். வேகமாக இழுத்தால் மெலிசு. மெதுவாக இழுத்தால் தடிமன். ஆறியதும் அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் பசை தொட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியபின் இழை தொங்கினால் பயப்பட வேண்டாம். கனிந்த ஊதுபத்தியை அருகே, தொட்டுவிடாமல், கொண்டுபோனால் சூட்டில் இழை சுருங்கி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒரு விநாடி அதிகமானால் அறுந்துவிடும். செலவில்லாத இந்த வித்தையை உலகம் முழுக்க மாதிரிக் கப்பல்காரர்கள் செய்தார்கள். இன்னும் கைவிடாதவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய மாற்றம் கடலடியிலிருந்து வந்தது. 1985இல் நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கியவர்கள், சுமார் 350 மீட்டர் ஆழத்தில் இரண்டாக முறிந்து கிடப்பது யமாதோதான் என்று உறுதி செய்தார்கள். 1999இல் இன்னொரு ஆய்வு; 2016இல் குரே நகரமே முன்னின்று நுட்பமாகப் படம் எடுத்தது. மூழ்கிய கப்பலைப் பார்த்து மாதிரியைத் திருத்துகிற விசித்திரமான காலம் தொடங்கியது. முகப்பில் இருக்கும் செவ்வந்திப்பூச் சின்னத்தின் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்று நினைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் ஒரு மீட்டர்தான். 1/350 அளவில் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காகப் பழைய கிட்டின் பூவைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சின்னப் பூ வைத்தவர்கள் உண்டு. குரேயில் 2005இல் திறந்த யமாதோ அருங்காட்சியகத்தில் 26.3 மீட்டர் நீளத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாதிரியே நிற்கிறது. தாமியா 1978இல் கொண்டுவந்த 1/350 யமாதோவை விட்டுவிட்டு 2011இல் அச்சையே புதிதாகச் செய்தது.

இன்றைக்கு ஒருவர் யமாதோ கட்ட உட்கார்ந்தால், கிட் என்பது தொடக்கம்தான். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளில் ஏணி, ரேடார், கைப்பிடிக் கம்பி எல்லாம் கிடைக்கும். கடைந்த உலோகக் குழல்கள் தனி. மேல்தளத்துக்கு நிஜமான மரச் சீவலில் பலகைக் கோடு வெட்டிய ஒட்டுத்தாள் தனி. 25 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை முப்பரிமாண அச்சில் எடுத்து விற்கிறார்கள். கடைசிக் காலத்தில் யமாதோவில் அவற்றின் குழல்கள் 150ஐ ஒட்டி இருந்தன. இவ்வளவையும் வாங்கினால் கிட்டின் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கைப்பிடிக் கம்பி ஒன்றை மட்டும் பார்ப்போம். தகட்டைக் கண்ணாடிமேல் வைத்துக் கூரான பிளேடால் வெட்ட வேண்டும், கத்தரிக்கோல் வளைத்துவிடும். யமாதோவின் மேல்தளம் சமதளம் இல்லை: முன்பீரங்கி அருகே தாழ்ந்து முகப்பை நோக்கி மேலேறும். கம்பி அந்தச் சரிவோடும் போக வேண்டும், ஓரத்தின் வளைவோடும் போக வேண்டும். பித்தளையைச் சுடரில் காட்டி இளக்கினால் ஓரளவு சொன்னபடி கேட்கும். பிறகு ஊசி முனையில் சூப்பர் குளூ எடுத்துக் கால்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைக்க வேண்டும். ட்வீசர் கொஞ்சம் வழுக்கினால் துண்டு பறந்துவிடும். அப்புறம் டார்ச்சோடு தரையில் தவழ வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்து வருவது சரியான அளவா என்றால், இல்லை. நிஜக் கப்பலில் அந்தக் கம்பி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால், 1/700இல் அது 0.03 மில்லிமீட்டரைத் தாண்டாது. பித்தளைத் தகடோ 0.1 மில்லிமீட்டர் வாக்கில். அதாவது கப்பலைச் சுற்றி ஏழு சென்டிமீட்டர் தடிக் குழாயில் வேலி போட்டதற்குச் சமம். கம்பியே இல்லாத 1971 மாதிரி இந்த ஒரு விஷயத்தில் உண்மைக்கு அருகில் இருந்தது. 1/350க்குப் பித்தளை வேலி அழகு. 1/700க்கு வேண்டாம் என்பது என் கட்சி. கேட்பவர்கள் குறைவு.

கட்டுகிறவர்களும் மாறிவிட்டார்கள். மே மாதத்தில் ஷிஸுவோகாவில் நடக்கும் ஹாபி ஷோவில் கழகங்கள் பரப்பி வைக்கும் நுணுக்கமான கப்பல்கள் பள்ளிப் பையன் வேலை அல்ல. அவை வருடக்கணக்கில் சாயங்காலங்களைச் செலவிடக்கூடிய பெரியவர்களின் வேலை. 2013இல் போர்க்கப்பல்களைப் பெண் பாத்திரங்களாக்கிய ‘கன்தாய் கலெக்‌ஷன்’ விளையாட்டு வந்ததும், அதுவரை கப்பல் பக்கமே எட்டிப் பார்க்காத இளைஞர்கள் கிட் வாங்க வந்தார்கள். வாட்டர்லைன் கூட்டிலிருந்து 1992இல் விலகிய ஃபுஜிமி, பசையும் பெயின்ட்டும் வேண்டாத, அழுத்தினாலே பொருந்திக்கொள்ளும் யமாதோவைச் செய்தது. நுணுக்கக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாகங்களே நிறத்தோடு வார்த்து வருவதால் ஒரு விடுமுறை நாளில் கட்டி முடிக்கலாம்.

நிற விவகாரம் மட்டும் தீர்ந்தபாடில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் யமாதோ படங்கள் கறுப்பு வெள்ளை. குரே, சசேபோ, மைஸுரு, யோகோசுகா என்று கடற்படைத் தளத்துக்கொரு சாம்பல் நிறத்தைத் தாமியா இன்று குப்பியில் விற்கிறது. எந்தக் கப்பலுக்கு எந்தக் குப்பி என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. ஆனால் உலர்ந்த பிறகு குரே சாம்பல் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும், 1/700இல் அதை வெளுக்க வைக்க வேண்டுமா, கடைசிப் பயணத்தின்போது மரத்தளத்துக்குக் கருஞ்சாயம் பூசியிருந்தார்களா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உப்புநீரில் ஊறிய இரும்பைப் படம் எடுத்து அதைச் சொல்ல முடியாது. பையன் தொட்டியில் விட்ட யமாதோவுக்கும் சாம்பல் நிறம்தான் பூசினான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த குப்பி எதுவோ, அது.